இராஜகிரி மலை (செஞ்சி)

இராஜகிரி (ராஜகிரி) என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி நகருக்கு மேற்கே அமைந்துள்ள, புதர்க்காடு சூழ்ந்த ஒரு தாழ்ந்த பாறை மலையாகும். செஞ்சிக் கோட்டையை உருவாக்கும் மூன்று முதன்மைக் குன்றுகளுள் இதுவே உயரமானது. இதன் உயரம் சுமார் 800 அடி (240 மீட்டர்). மேற்குத் தொடர்ச்சி மலையின் சிகரங்களோடு ஒப்பிட்டால் இது ஒரு குன்று மட்டுமே. ஆயினும் சுற்றிலும் சமவெளி பரந்து கிடப்பதால் இதன் உச்சியிலுள்ள காவல் மேடையிலிருந்து நாற்புறமும் நெடுந்தொலைவு வரை காண முடிகிறது. இக்காரணத்தால் சுமார் 600 ஆண்டுகள் பல அரசுகள் இம்மலைக்காகப் போரிட்டன. புதுச்சேரி, கடலூர் ஆகிய கடற்கரை ஊர்களில் ஐரோப்பியர் கால் ஊன்றியதும் இம்மலையை ஆண்டவர்களின் இசைவுடனேயே நிகழ்ந்தது.

இக்கட்டுரை இராஜகிரி மலையைப் பற்றியது. இங்கு கிருஷ்ணகிரி எனக் குறிக்கப்படுவது செஞ்சியில் உள்ள குன்று. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம் அன்று. மகாராட்டிரத்தில் உள்ள இராஜ்கட் கோட்டையும் வேறானது.

பெயர்

இம்மலை முற்காலத்தில் கமலகிரி, ஆனந்தகிரி ஆகிய பெயர்களால் அறியப்பட்டது. மலையேறும் வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் உள்ளது. ஆனந்தகிரி என்ற பெயர் கோட்டையை முதலில் கட்டியதாகக் கூறப்படும் ஆனந்தக் கோனை நினைவூட்டுகிறது. செஞ்சிக்கும் ஆட்சிக்கு ஆட்சி வெவ்வேறு பெயர்கள் வழங்கின. பிஜப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத் என்றும், முகலாயர் ஆட்சியில் நுஸ்ரத்கட் என்றும் அழைக்கப்பட்டது. ஆங்கிலேயர்கள் இராஜகிரியைப் பெரிய மலை என்றும், கிருஷ்ணகிரியை ஆங்கில மலை என்றும், சந்திரகிரி எனப்படும் சந்திராயன் துர்க்கத்தைப் புனித ஜார்ஜ் மலை என்றும் குறித்தனர். மக்கள் வழக்கில் செஞ்சி என்ற பெயர் மட்டுமே மாறாது நிலைத்தது.

அமைவிடம்

செஞ்சி, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. இச்சாலை கோட்டையின் ஊடாகவே செல்கிறது. சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரியும் தெற்கே இராஜகிரியும் உள்ளன. சந்திரகிரி தென்கிழக்கில் உள்ளது. மூன்று குன்றுகளையும் இணைக்கும் மதில்கள் ஏறத்தாழ ஒரு முக்கோணத்தை உருவாக்குகின்றன. மதில்களின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அவை சூழ்ந்துள்ள பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர்.

புதுச்சேரியிலிருந்து வருவோர் தட்டாஞ்சாவடி, கோரிமேடு வழியாகத் திண்டிவனத்தை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பிச் செஞ்சியை அடையலாம். புதுச்சேரியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி நகர் வரையிலான பாதை முன்னர் தேசிய நெடுஞ்சாலை 66 என்ற ஒரே எண்ணைக் கொண்டிருந்தது. 2010இல் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்ட பின்னர், திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள பகுதி தேசிய நெடுஞ்சாலை 77 ஆயிற்று.

நில அமைப்பு

இராஜகிரி கருங்கல்லால் ஆனது. மலைச்சரிவெங்கும் யானையளவும் வீட்டளவும் உள்ள உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போலக் கிடக்கின்றன. இவை யாரும் உருட்டி வைத்தவை அல்ல. நிலத்தடியில் இருந்த கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் இருந்தன. அவற்றின் வழியே நீர் இறங்கி, கல்லின் விளிம்புகளையும் முனைகளையும் மெல்ல மெல்லச் சிதைத்தது. சிதைந்த மண் பின்னர் மழையில் அரித்துச் செல்லப்பட, சிதையாத நடுப்பகுதிகள் உருண்டைப் பாறைகளாக எஞ்சின. இவ்வாறு அமைந்த மலையில் ஏறுபவர் பாறை இடுக்குகளின் வழியாகவே செல்ல வேண்டும். படையாக அணிவகுத்து ஏற முடியாது. கோட்டையைக் கட்டியவர்கள் பல இடங்களில் பாறைக்கும் பாறைக்கும் இடையே இருந்த சந்துகளை மட்டும் சுவரெழுப்பி அடைத்தனர். அவ்விடங்களில் பாறையே மதிலாகிறது.

காடு

சோழமண்டலக் கடற்கரையையும் அதை ஒட்டிய குன்றுகளையும் சார்ந்த வறண்ட காட்டு வகையின் கூறுகள் செஞ்சிக் குன்றுகளில் காணப்படுகின்றன. இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழைக் காலமே முதன்மையான மழைக்காலமாகும். ஆண்டின் பல மாதங்கள் வறண்டவை. எனவே மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. முட்புதர்களும் கொடிகளும் குறுமரங்களும் பாறை இடுக்குகளில் தேங்கிய மண்ணைப் பற்றி வளர்கின்றன. மழைக்காலத்துக்குப் பின் மலை பசுமையாகவும், கோடையில் பாறை தெரியும்படி வெளிறியும் காட்சியளிக்கும். குரங்குகள் மிகுதியாக உள்ளன. மலையேறுவோரின் கையிலுள்ள உணவுப் பொருள்களை அவை பறிப்பதுண்டு.

காடு கோட்டைக்கு அரணாகவும் இருந்தது. தமிழ் இலக்கண, இலக்கிய மரபு நாட்டின் அரண்களாக நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் எண்ணுகிறது. இராஜகிரியில் இந்நான்கும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன: மலையடியில் அகழியும் குளங்களும், வெளியே வெட்டவெளியான சமநிலம், செங்குத்தான பாறை, அதைப் போர்த்திய புதர்க்காடு.

நீர்

மலைக்கோட்டை ஒன்றின் வாழ்நாளை அதன் நீரே முடிவு செய்கிறது. இராஜகிரியில் சுனைகளும், மழைநீரைத் தேக்கும் பாறைக் குட்டைகளும் உள்ளன. மலையடியில் சக்கரக்குளம், செட்டிக்குளம் ஆகிய இரு குளங்கள் உள்ளன. சக்கரக்குளத்திலிருந்து கீழ்க்கோட்டையின் கல்யாண மகாலுக்கு மண்குழாய்கள் வழியாக நீர் கொண்டுசெல்லப்பட்டது. அடுக்கடுக்கான தளங்களும் கூம்பு வடிவக் கூரையும் கொண்ட இம்மகாலின் மேல்தளங்களுக்கும் நீர் ஏறியது. குளத்தின் நீர்மட்டம் குழாயின் முனையைவிட உயரத்தில் இருந்தால், எவ்விதப் பொறியுமின்றி நீர் தானே அந்த மட்டம் வரை ஏறும் என்ற எளிய விதியே இத்தகைய அமைப்புகளுக்கு அடிப்படையாகும்.

செஞ்சிக் குன்றுப் பகுதியில் பெய்யும் மழை சங்கராபரணி ஆற்றில் சேர்கிறது. செஞ்சி ஆறு, வராக நதி எனவும் வழங்கும் இவ்வாறு வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைந்து, புதுச்சேரி நகருக்குத் தெற்கே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. புதுச்சேரியின் பெரிய ஏரியான ஊசுட்டேரியும் இவ்வாற்று நீரைப் பெறுகிறது.

மலையின் அரண் அமைப்பு

மலையடியிலிருந்து உச்சி வரை படிக்கட்டுப் பாதை உள்ளது. வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் அமைந்துள்ளன. ஒரு வாயிலைக் கைப்பற்றிய எதிரி, அடுத்த வாயிலின் மேலிருந்து சுடப்படும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கும் வகையில் பாதை வளைந்து வளைந்து செல்கிறது.

உச்சிக்குச் சற்று முன்னர் இயற்கையான ஒரு பிளவு மலையை இரண்டாகப் பிரிக்கிறது. இதன் அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. முன்னர் இதன்மேல் மரப்பாலம் ஒன்றே இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித்தீவு போலாகிவிடும். ஒரு சிலரே இவ்விடத்தில் நின்று பெரும்படையைத் தடுக்கலாம் எனப் பழைய ஆவணங்கள் கூறுகின்றன. தற்போது பார்வையாளர்கள் கடப்பதற்கு நிலையான பாலம் உள்ளது.

உச்சியும் காவல் மேடையும்

உச்சியில் அரங்கநாதர் கோயில், களஞ்சியம், கருவூலம் எனக் கருதப்படும் கட்டடம், கொடிமேடை, மணிக்கூண்டு ஆகியன உள்ளன. பீரங்கி ஒன்றும் உள்ளது. வளைவுத் திறப்புகளைக் கொண்ட மணிக்கூண்டு, சுற்றுப்புறத்தைக் கண்காணிப்பதற்கும் எச்சரிக்கை ஒலி எழுப்புவதற்கும் ஏற்ற இடத்தில் நிற்கிறது.

உயரமான இடத்திலிருந்து அடிவானம் எவ்வளவு தொலைவில் தெரியும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளிக்கு மேல் 200 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் அமையும். தரையில் நிற்கும் மனிதருக்கு அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் மட்டுமே. மாட்டு வண்டிகளும் பீரங்கிகளும் உடன்வரும் படை ஒரு நாளில் 15 முதல் 20 கிலோமீட்டர் நடப்பதே பெரிது. எனவே வானம் தெளிவாக இருந்தால், எதிரி கோட்டையை அடைவதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பே அவன் எழுப்பும் புழுதியையும் கூடார நெருப்பையும் மலையுச்சியில் இருப்பவர் அறிய வாய்ப்பு உண்டு. 240 மீட்டர் குன்று ஒன்று பேரரசுகளின் கணக்கில் இடம்பெற்றதன் காரணம் இதுவே.

இக்காவலுக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, இரவில் அதன் பயன் குறைவு. இரண்டாவது, முற்றுகையாளனைக் கண்டுகொள்ளலாமே தவிர, பசியையும் நோயையும் கண்டுகொள்ள முடியாது. இராஜகிரி கைமாறிய பல நிகழ்வுகளில் இக்குறைகளின் பங்கைக் காணலாம்.

வரலாறு

தொடக்க காலம்

செஞ்சிப் பகுதி மலைக்கோட்டைக்கும் முற்பட்ட வரலாறு உடையது. அருகிலுள்ள சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரைக் கோயிலும், திருநாதர்குன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. இராஜகிரியின் முதல் அரண், 1200ஆம் ஆண்டையொட்டி ஆயர் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக் கோன் என்பவரால் கட்டப்பட்டது என்பது மரபு. ஆடு மேய்க்கையில் அவருக்குப் புதையல் கிடைத்தது எனக் கதை வழங்குகிறது. அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் வடக்குக் குன்றில் கோட்டை கட்டியதால் அது கிருஷ்ணகிரி எனப்பட்டது. இச்செய்திகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் என்னும் நூல் வழியே அறியப்படுகின்றன.

விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் கோட்டையைப் பெரிதாக்கினர். கல்யாண மகால், களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில் ஆகியவை நாயக்கர் காலத்தவை எனக் கருதப்படுகின்றன. இங்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, லிஸ்பன் தவிர்த்த போர்த்துக்கல் நகரங்கள் அனைத்தையும்விடச் செஞ்சி பெரியது என்ற பொருள்பட எழுதியுள்ளார்.

மராத்தியரும் முகலாயரும்

1649இல் செஞ்சி பிஜப்பூர் சுல்தானின் படையிடம் வீழ்ந்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். சிவாஜியின் மகன் இராஜாராம், மகாராட்டிரத்தில் முகலாயரின் நெருக்கடி முற்றியபோது தப்பி 1689இன் பிற்பகுதியில் செஞ்சியை அடைந்தார். அதன் பின்னர் மராத்திய அரசு இக்குன்றுகளிலிருந்தே இயங்கியது.

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இன் தொடக்கம் வரை, இடைவெளிகளுடன், ஏழாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. மூன்று குன்றுகளையும் பிணைத்த நீண்ட சுற்றளவை முழுமையாக வளைப்பது எளிதாக இருக்கவில்லை. 1692இன் இறுதியில் மராத்தியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டது. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. இறுதியில் கோட்டை வீழ்ந்தபோது இராஜாராம் ஏற்கெனவே தப்பிச் சென்றிருந்தார்.

தேசிங்கு

முகலாயர் செஞ்சியைப் புந்தேல இராஜபுத்திரரான சொரூப் சிங்கின் பொறுப்பில் விட்டனர். 1714இல் அவர் இறந்தபின், மகன் தேஜ் சிங் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் செஞ்சிக்கு அருகே நடந்த போரில் அவர் மாண்டார். அப்போது அவருக்கு வயது 22 எனக் கூறப்படுகிறது. அவர் மதில்களுக்குள் இருந்து காக்காமல், சிறு படையுடன் வெளியே சென்று போரிட்டார். தமிழ் மக்கள் நினைவில் தேசிங்கு ராஜன் என நிலைத்தவர் இவரே. அவருடைய மனைவி உடன்கட்டை ஏறினார். இராணிப்பேட்டை அவர் நினைவாகப் பெயர் பெற்றது என்பர்.

பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும்

1750 செப்டம்பரில், திருவதிகையில் தோற்ற முகமது அலியின் படைகள் செஞ்சியில் அடைக்கலம் புகுந்தன. புதுச்சேரியின் ஆளுநர் டூப்ளே அனுப்பிய படையின் தளபதிகளுள் ஒருவரான புஸ்ஸி, கீழ்க்கோட்டை வாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார். பின்னர் நிலவு மறையும்வரை காத்திருந்து, மூன்று குன்றுகளையும் ஒரே நேரத்தில் தாக்கச் செய்தார். பொழுது விடிந்தபோது மூன்றும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. முகலாயருக்கு ஏழாண்டுக்கு மேல் தேவைப்பட்ட கோட்டை ஓரிரவில் வீழ்ந்தது. பகல் வெளிச்சத்தில் அதன் அரண்களைப் பார்த்தபோது, இதை எப்படிப் பிடித்தோம் என வென்றவர்களே வியந்தனர் என்பது ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் செய்தி. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று நிஜாம் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகே தம் பாசறையில் கொல்லப்பட்டார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுச் செல்வாக்கு இதன்பின் உச்சத்தை எட்டியது.

1752இல் செஞ்சியை மீட்க ஆங்கிலேயர் செய்த முயற்சி தோல்வியுற்றது. எனினும் பிரெஞ்சுக்காரர் இம்மலைக்குக் கொடுத்த விலை பெரிது. நூறு ஐரோப்பியர்களுக்கு மேல் அவர்கள் இங்கு வைத்திருந்ததில்லை. ஆயினும் பத்தாண்டுகளில் 1,200 பேரைக் காய்ச்சலுக்கும் தட்பவெப்பத்துக்கும் பலி கொடுத்தனர் என ஓர்ம் குறிப்பிடுகிறார். அதாவது, காவற்படை முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறைக்கும் மேலாக மாண்டு, புதிதாக நிரப்பப்பட்டது என்பது இதன் பொருள். நோய்க்குக் காற்றே காரணம் என அக்காலத்தவர் நம்பினர். கொசு மலேரியாவைப் பரப்புவதில் பங்கு கொள்வது 1897இல் செகந்திராபாதில் ரொனால்டு ராஸ் செய்த ஆய்வுக்குப் பின்னரே உறுதிப்படத் தொடங்கியது.

1760 சனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். 1761 சனவரி 16 அன்று புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. செஞ்சியின் காவற்படை மட்டும் தொடர்ந்து தாக்குப்பிடித்தது. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் படை முதலில் சந்திரகிரியை ஏணி சாத்தி ஏறிப் பிடித்தது. பின்னர் கிருஷ்ணகிரி பணிந்தது. இறுதியாக 1761 ஏப்ரல் 5 அன்று இராஜகிரி ஒப்பந்தத்தின் பேரில் சரணடைந்தது. இதனுடன் கர்நாடகப் பகுதியில் பிரெஞ்சுக்காரரின் கடைசி அரணும் மறைந்தது. 1780இல் ஐதர் அலியின் படை செஞ்சியைப் பிடித்தது. அப்போருக்குப் பின் கோட்டை போர் முக்கியத்துவத்தை இழந்தது.

புதுச்சேரியுடனான தொடர்பு

1673இல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் தங்க இசைவளித்தவர் பிஜப்பூரின் அதிகாரியான ஷேர்கான் லோடி. 1677இல் சிவாஜி இப்பகுதியை வென்றதும், பிரான்சுவா மார்த்தேன் புதிய ஆட்சியாளரின் ஒப்புதலைப் பெற வேண்டியதாயிற்று. 1690இல் சென்னை ஆளுநர் எலிகு யேல், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அதுவே புனித டேவிட் கோட்டை. 1693இல் டச்சுக்காரர் இராஜாராமிடம் பணம் கொடுத்துப் புதுச்சேரியின் உரிமையைப் பெற்ற பின்னரே அதைத் தாக்கிக் கைப்பற்றினர். 1697ஆம் ஆண்டின் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி அது 1699இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது.

17ஆம் நூற்றாண்டில் கடற்கரையில் இருந்தவர்கள் செஞ்சியின் முடிவுக்குக் காத்திருந்தனர்; 1750இல் இந்நிலை தலைகீழானது. கீழ்க்கோட்டையின் கிழக்குப் பக்கத்தில் புதுச்சேரி வாயில் எனப்படும் நுழைவாயில் இன்றும் உள்ளது. பிரெஞ்சுக்காரர் அதை வலுப்படுத்தினர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் வேலைப்பாடு மிக்க கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை எனக் கூறப்படுகின்றன. 1750களின் நிகழ்வுகளைப் புதுச்சேரியில் இருந்தபடியே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

இலக்கியத்திலும் கலையிலும்

தேசிங்கு ராஜன் கதை தமிழ்க் கதைப்பாடல்களுள் பரவலாக அறியப்பட்ட ஒன்று. தேசிங்கும், அவருடைய இசுலாமிய நண்பர் மோவுத்துக்காரனும், நீலவேணி என்னும் குதிரையும் அதன் முதன்மைப் பாத்திரங்கள். எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த ராஜா தேசிங்கு திரைப்படம் 1960இல் வெளியானது. வரலாற்று நோக்கில் செஞ்சியை விரிவாக ஆராய்ந்த நூலை சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதினார், அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது.

இன்றைய நிலை

செஞ்சிக் கோட்டை 1921இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் ஆய்வகம் இதைப் பராமரிக்கிறது. 2025 சூலையில் பாரிசில் நடைபெற்ற உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வில், மராத்தியப் படையரண் நிலத்தோற்றங்கள் என்ற தொகுப்பு உலக மரபுக் களமாகச் சேர்க்கப்பட்டது. அத்தொகுப்பிலுள்ள 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோட்டை செஞ்சி ஆகும்.

போர்கள் முடிந்த பின் கோட்டைக்கு முதன்மையான எதிரி மரமே. ஆல், அரசு போன்றவற்றின் விதைகள் பறவைகளின் எச்சம் வழியே மதில் இடுக்குகளில் முளைத்து, வேர் பருக்கும்போது கற்களைப் பிளக்கின்றன. ஆனால் சரிவிலுள்ள புதர்க்காட்டின் நிலை வேறு. அதன் வேர்களே பாறை இடுக்கின் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மழைநீரை மெல்ல இறங்கச் செய்து சுனைகளையும் குளங்களையும் காக்கின்றன. மதிலில் முளைக்கும் செடியை அகற்றுவதும், சரிவில் நிற்கும் காட்டைக் காப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகளாகும். கோடையில் புதர்க்காடு எளிதில் தீப்பற்றும் என்பதால் பார்வையாளர்கள் நெருப்பைத் தவிர்க்க வேண்டும்.

மலையேறி இறங்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். உச்சியில் குடிநீர் வசதியை எதிர்பார்க்க இயலாது என்பதால் போதிய நீரை உடன் கொண்டுசெல்வது நல்லது. பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் மலையேற அனுமதிப்பதில்லை. எனவே காலையிலேயே ஏறத் தொடங்குவது ஏற்றது. மழைக்காலம் முடிந்த பின்வரும் மாதங்களில் வெயில் குறைந்தும் காட்சி தெளிவாகவும் இருக்கும்.